கைகுலுக்கும் படத்தில் இருந்த கிளார்க்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதறேன். இங்க எல்லாரும் சுகம், அப்பாவோட முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேக்கறதில்ல. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லா இருப்பேன்னு நம்பறேன்.

உன் தங்கச்சி தொழிற்கல்லூரியில ஃப்ரிட்ஜ் மெக்கானிக் படிப்பு முடிச்சா இல்லையா, அவங்க கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஒப்பந்தமாம், அங்க முடிச்சவங்க நேரா இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷத்துல சேரலாமாம். யோசிச்சு யோசிச்சு சேர்றதுக்குக் கடைசி நாள்தான் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பினா. நீ வாயே திறக்கக் கூடாதும்மான்னு சொல்லித்தான் என்னைக் கூட்டிட்டுப் போனா. அங்க கிளார்க், அப்படி ஒப்பந்தமே கிடையாது, வேணும்னா முதல் வருஷத்துல சேரட்டும்னுட்டார். இவ சான்றிதழை மடியில வெச்சுக்கிட்டு பெஞ்சுல உக்காந்துட்டா, கண்ணு கலங்கிடுச்சு. நான் வாயைத் திறக்காம வராந்தாவுல தண்ணி குடிக்கப் போனேன். குழாய்க்கு மேல பெரிய போட்டோ. இவ தொழிற்கல்லூரி பிரின்சிபாலும் பல்கலைக்கழகத் துணைவேந்தரும் கைகுலுக்கறாங்க, கீழ ஒப்பந்தம்னு கொட்டை எழுத்து. பின்னால பூச்செண்டைப் பிடிச்சுக்கிட்டு பல்லெல்லாம் தெரிய நிக்கறது யாருங்கற? அதே கிளார்க்! நான் ஒரு வார்த்தை பேசலடா, கையைக் காட்டிக் கூப்பிட்டேன். யாரோ மயக்கம் போட்டுட்டாங்கன்னு நினைச்சு ஓடி வந்தவர் படத்தையே பாத்துட்டு நின்னார். அன்னிக்கு டிபன் குடுத்தாங்க, எதுக்குன்னு யாரும் சொல்லலம்மான்னார். அப்புறம் பாவம், அவரே மாடி ஏறி இறங்கி, மூணு பீரோவைக் கொடைஞ்சு ஃபைலைக் கண்டுபிடிச்சார். சாயங்காலம் நாலே முக்காலுக்கு ரெண்டாம் வருஷத்துலயே சேத்தாச்சு.

சேந்த பிறகுதான் கூத்து. லேப்ல கம்ப்ரசரைக் கழட்டி மாட்டறதுல இவதான் ராணி, கூடப் படிக்கறவங்க இவளைச் சுத்தியே நிக்கறாங்களாம். ஆனா கணக்கு வகுப்புல சுவரோட சுவரா உக்காந்திருக்கா. இவளை மாதிரி வந்தவங்களுக்குன்னு சனிக்கிழமை தனியா கணக்கு வகுப்பு வெச்சிருக்காங்க, அதுக்கும் போறா. முதல் பரீட்சையில அம்பதுக்குப் பதினொண்ணு. படிப்பே வேணாம், சர்வீஸ் சென்டருக்கு வேலைக்குப் போறேன்னு கதவைச் சாத்திக்கிட்டா. அப்பா வெளிய நின்னு, பதினொண்ணு ஒண்ணும் அவ்வளவு சின்ன நம்பர் இல்லம்மான்னு சமாதானம் சொல்ல, அழுகை ஜாஸ்தியாயிடுச்சு. எனக்கு வேற வழி தெரியலப்பா. நீ இன்ஜினியரிங்ல முதல் கணக்குப் பரீட்சைக்கு ஏழு வாங்கினதையும், பேப்பரை ஷூவுக்குள்ள ஒளிச்சதையும் சொல்லிட்டேன். யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்னு உனக்குச் சத்தியம் பண்ணினவதான். ஆனா கதவு உடனே திறந்துச்சு. சிரிச்சுச் சிரிச்சு விக்கல் வந்து, ரெண்டு தட்டு சாப்பிட்டுட்டு, கணக்கு நோட்டைத் தேடி எடுத்து உக்காந்துட்டா.

நீ எந்தக் குறையும் இல்லாம நல்லா இருக்கணும். ஞாயித்துக்கிழமை மறக்காம போனை எடு, தங்கச்சி கணக்குல சந்தேகம் கேப்பா. அண்ணான்னு கூப்பிடுவான்னு எதிர்பாக்காத, ஏழுன்னுதான் கூப்பிடுவா. கோவிச்சுக்காம சொல்லிக் குடு.

உன் மானத்தை வாங்கின,
அம்மா