வலது காது மட்டும்

மார்ச் 3, செவ்வாய்

ஓவனிலிருந்து இன்று ஆறு ஜோடிக் கம்மல் வந்தன. ஒன்றுகூடக் கருகவில்லை. வெள்ளைத் தட்டில் அடுக்கி, ஜன்னலோரம் வைத்து, படமெடுத்து இன்ஸ்டாவில் போட்டேன். பக்கத்தின் பெயர் 'தொங்கட்டான்'. அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வாரம் ஆச்சு.

முதல் கமெண்ட் சித்தியிடமிருந்து: "பார்க்கவே நாக்கு ஊறுது. எத்தனை நாள் கெடாம இருக்கும்?"

பிஸ்கட்டாம்! களிமண்ணைப் பிசைந்து, தட்டி, இலை இலையாக வெட்டிச் சுட்டவளுக்கு இதுதான் மரியாதை. இவர் சோபாவில் உருண்டு உருண்டு சிரிக்கிறார்.

பக்கத்தைப் பின்தொடர்பவர்கள் 41 பேர். முப்பத்தெட்டு பேர் சொந்தம். ஒருவர் பல் டாக்டர். மீதி இரண்டு பேர் வழி தவறி வந்திருக்க வேண்டும்.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். இன்சூரன்ஸ் ஆபீஸில் வாங்கிய நீண்ட லீவு ஏப்ரலோடு முடிகிறது. திரும்பி வருகிறேனா இல்லையா என்று அந்த மாதம் 27-ம் தேதி மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். முகம் தெரியாதவர்கள் வாங்கி, தினமும் கைக்கு வேலை இருந்தால் வரமாட்டேன். இல்லையென்றால் மறுபடியும் அதே நாற்காலி, அதே ஃபைல், எதைச் சொன்னாலும் "என்ன? என்ன?" என்று இரண்டு தடவை அதட்டுகிற அதே மேனேஜர். வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

மார்ச் 7, சனி

கம்மலுக்குத் தட்டு எதற்கு? காதுதானே வேணும்! இது ஏன் எனக்கு இவ்வளவு நாளாகத் தோன்றவில்லை?

என் காதை நானே படமெடுத்துப் பார்த்தேன். கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். இவர் காதில் டேப் போட்டு ஒட்டிப் பார்த்தேன். அந்தக் காதில் அவ்வளவு முடி இருக்கிறதென்று கல்யாணத்துக்கு முன்னால் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மாடிக்குப் போனேன். மேலே இவருடைய அண்ணன் வீடு. என் ஓரகத்தி துணி மடித்துக்கொண்டிருந்தாங்க. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வலது பக்க முடியை ஒதுக்கிவிட்டிருந்தாங்க. அடடா, என்ன காது! மடலில் கடுகளவு மச்சம் வேறு.

"சரி எடு. ஆனா முகம் வரக்கூடாது. வலது காது மட்டும்."

ஏனென்று நான் கேட்கவில்லை. இடது காதில், காது கேட்பதற்கான மெஷின். ஆறு வருஷமாக. வீட்டுக்குள் மட்டும்தான் தெரியும். வெளியே கிளம்பினால் அந்தப் பக்கம் முடியை இழுத்துவிட்டு மூடிவிடுவாங்க. வேலை நூலகத்தில். "யாருமே பேசக்கூடாத இடம்டி, எனக்கென்ன குறைச்சல்?" என்பாங்க. அவங்க வீட்டுக்காரர் புலம்ப ஆரம்பித்தால் நைசாக மெஷினை அணைத்துவிட்டுத் தலையாட்டுவதும் உண்டு. எனக்கு மட்டும் கண்ணைச் சிமிட்டுவாங்க.

மார்ச் 8, ஞாயிறு

தட்டுக்கு 9 லைக். காதுக்கு 212.

மார்ச் 19, வியாழன்

முகம் தெரியாத ஒருத்தி வாங்கிவிட்டாள்!! பச்சை இலை, ஒரு ஜோடி. எனக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டியை மூன்று தடவை பிரித்துப் பிரித்து ஒட்டினேன். மாடிக்கு ஓடி, "அக்கா, உங்க காது ஜெயிச்சிடுச்சு!" என்று கத்தினேன். "கத்தாதே, மெஷின் கிழியுது" என்றாங்க.

மார்ச் 31, செவ்வாய்

பதினேழு ஆர்டர். ஆனால் கூடவே ஒரு குடைச்சல்.

"இது ஜோடியா, ஒத்தையா?" "எப்பவும் வலது காதுதானா? இடது காது கோவிச்சுக்காதா?" தினமும் யாராவது கேட்கிறார்கள். ஒற்றைதான் வருமென்று நினைத்து இரண்டு பேர் வாங்காமலே போனார்கள். அக்காவிடம் கேட்கலாமென்று மாடிப்படி ஏறினேன். கதவு வரைக்கும் போய், சர்க்கரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் சர்க்கரை டப்பா நிறைய இருக்கிறது.

ஏப்ரல் 5, ஞாயிறு

மூளை வேலை செய்துவிட்டது! வலது காது படத்தை அப்படியே திருப்பிப் போட்டால் இடது காது. ஒரே ஒரு பட்டன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஏற்றிவிட்டேன். யாருக்கும் வருத்தமில்லை. என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

ஏப்ரல் 6, திங்கள்

மானம் போச்சு.

மச்சம். அந்தப் பாழாப்போன மச்சம்! "ரெண்டு காதுலயும் ஒரே இடத்துல மச்சமா? எங்க காதுல பூ சுத்துறீங்களா?" என்று ஒருத்தர் ஆரம்பித்தார். அப்புறம் பிடித்துக்கொண்டார்கள். "காதே போலின்னா கம்மல் மட்டும் அசலா?" நான் படத்தை எடுப்பதற்குள் யாரோ ஸ்க்ரீன்ஷாட் எடுத்துச் சுற்றுக்கு விட்டாச்சு. மூன்று பேர் ஆர்டரை ரத்து செய்துவிட்டார்கள். புதுசாக ஒன்றும் இல்லை.

27-க்கு இன்னும் மூணு வாரம். ஏன்டி உனக்கு இந்த வேலை? வாயைத் திறந்து கேட்டிருக்கக் கூடாதா? கேட்டா அக்கா மனசு நோகும்னு — நிஜமாவா? இல்ல, கேக்கறதுக்கு எனக்குத்தான் கூச்சமா?

ஏப்ரல் 7, செவ்வாய்

காலையிலேயே அக்கா போனும் கையுமாகக் கீழே வந்தாங்க. முகத்தில் ஈயாடவில்லை. நான் திருதிருவென்று முழித்தேன்.

"என் காதைத் திருப்பிப் போட்டியா?"

"ஆமாக்கா... தப்புதான்."

"நிஜக் காது மாடியில இருக்கு. அதை வந்து கேக்க மாட்டே, இல்ல?"

"நீங்க வருத்தப்படுவீங்கன்னு..."

"அதை நீயே முடிவு பண்ணிட்டியா? நீ கேட்டிருந்தா நான் முடியாதுன்னு சொல்லியிருப்பேன். அது வேற. ஆனா கேட்டிருக்கணும்."

அழுதுவிட்டேன். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாங்க. மறுபடி அந்த ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்தாங்க. உதடு துடித்தது. கோபம் என்று நினைத்தேன், சிரிப்பு! அடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாங்க. "ரெண்டு மச்சம்டி! ஒரு மச்சம் பத்தாதுன்னு!" எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து விக்கல் வந்துவிட்டது.

அப்புறம் அவங்களே முடியை ஒதுக்கினாங்க. "ஆறு வருஷமா இதை மூடி மூடி அலுத்துப்போச்சு. எடுத்துக்கோ. ஆனா கம்மல் இவ்வளவு அழகா இருக்கு, மேல இது மட்டும் மொட்டையா நிக்குதே. இந்தக் குழாய்ல ஏதாவது மாட்டிவிடேன்."

மெஷினிலிருந்து காதுக்குள் போகிற அந்த மெல்லிய குழாய். அதில் ஒரு குட்டி இலை! எனக்குக் கை பரபரத்தது.

ஏப்ரல் 11, சனி

நான்கு இலை வீணாச்சு. முதலாவது கனம், இரண்டாவது உரசி உரசிக் காதுக்குள் "கரகர" என்றதாம். ஐந்தாவது, அரிசி மணி கனம்கூட இருக்காது. மாட்டிவிட்டு அக்கா தலையை ஆட்டி, குதித்து, படியில் இறங்கி ஏறிப் பார்த்தாங்க. "சத்தமே இல்லடி."

இடது காது. மெஷின், குழாயில் பச்சை இலை, கீழே அதே இலையில் கம்மல். எழுதிப் போட்டது அக்கா:

"போன வாரம் நீங்க பார்த்தது போலிக் காது. மன்னிச்சுக்கோங்க. இது அசல். மச்சம் கிடையாது, மெஷின் உண்டு."

ஏற்றிவிட்டு இரண்டு பேரும் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டோம்.

ஏப்ரல் 12, ஞாயிறு

மூவாயிரத்துச் சொச்சம் லைக். பூச்சுற்றல் ஆசாமியே வந்து, "சரணாகதி. என் தங்கச்சிக்கு ஒண்ணு வேணும்" என்று எழுதியிருக்கிறார். ரத்து செய்த மூன்று பேரில் இரண்டு பேர் திரும்பி வந்தாச்சு.

ஒரு அம்மா தனியாக எழுதியிருந்தாள்: "என் பொண்ணுக்கு ஏழு வயசு. மெஷின் போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு தினமும் அழுவா. உங்க படத்தைப் பார்த்துட்டு, எனக்கு மஞ்சள் பூ வேணும்னு கேட்டா. அவளா கேட்டா."

அக்கா அதை மூன்று தடவை படித்தாங்க. அப்புறம் என் தோளில் சாய்ந்து நன்றாக அழுதாங்க. நானும்தான். இவர் உள்ளே வந்து பார்த்துவிட்டு, டீ போடப் போனார்.

ஏப்ரல் 20, திங்கள்

மஞ்சள் பூ போய்ச் சேர்ந்தது. சித்தியின் கமெண்ட்: "இது சாப்பிடறது இல்லன்னு மேல எழுதி வைம்மா. நல்லா இருக்கு."

ஏப்ரல் 27, திங்கள்

கடிதத்தை நீட்டினேன். மேனேஜர் படித்துக்கொண்டிருக்கும்போதே, "நான் திரும்ப வரலை சார்" என்றேன்.

"என்ன? என்ன?"

வழக்கம்போல் இரண்டு தடவை. நான் சத்தமாகத் திருப்பிச் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். போச்சு, திட்டப் போகிறார் என்று நினைத்தேன். மேஜை டிராயரைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார். உள்ளே மெஷின். இன்னும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"ரெண்டு வருஷமா இங்கேயே இருக்கு," என்றார். அந்த மனுஷர் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "உங்க பக்கத்தை வீட்டுல காட்டினாங்க. எனக்கு பூ, இலை எல்லாம் வேண்டாம். கறுப்புல சின்னதா ஒரு வட்டம்... முடியுமா?"

எட்டு வருஷம் இவரைத் திட்டாத நாளில்லை. அதட்டுகிறார் என்றே நினைத்திருந்தேன். பாவம், காது கேட்கவில்லை. எங்கள் யாருக்கும் அது தோன்றவே இல்லை.

"முடியும் சார்," என்றேன். "எந்தக் காது?"

மே 4, திங்கள்

மணி ஒன்பது. ஆபீஸில் சேர்ந்திருக்க வேண்டிய நாள். மேஜையில் இருபத்து மூன்று இலை, ஒன்பது பூ, ஒரு கறுப்பு வட்டம். வட்டத்தைத்தான் முதலில் சுட்டு எடுத்தேன்.

படியில் செருப்புச் சத்தம். நூலகத்துக்குக் கிளம்பிவிட்ட அக்கா, தலைமுடியை மொத்தமாக அள்ளி உச்சியில் கொண்டை போட்டிருந்தாங்க. காலை வெயிலில் பச்சை இலை பளிச்சென்று ஆடியது.

போனைத் தூக்கினேன். "அக்கா, ஒரு நிமிஷம். இன்னைக்கு எந்தக் காது?"

"நேரா நில்லுடி," என்று என் எதிரே வந்து நின்னாங்க. "முகத்தோட எடு."