நீ போட்ட கேள்விக்குறிகள்

இன்று காலை இரும்புப் பெட்டியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை மூக்கில் ஏறியது. உன் கல்யாணப் புடவைக்கு அடியில் என் பழைய செஸ் நோட்டு. அதை நீ பத்திரப்படுத்தியிருப்பாய் என்று நான் நினைக்கவே இல்லை. நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உள்ளே, பக்க ஓரங்களில், நீ பென்சிலால் போட்ட கேள்விக்குறிகள் அழியாமல் இருக்கின்றன.

எமர்ஜென்சி நாட்கள் அவை. டீக்கடையில்கூட ஆட்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். நான் கேரள எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்ட்டில் கிளார்க். லாரியில் வைக்கோல் என்று சொன்னால் வைக்கோலுக்கு அடியில் என்ன என்று பார்க்கிற வேலை. அந்தப் புத்தியை வீட்டு வாசலில் கழற்றி வைக்க எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் என்ன பேசினாய் என்று உன்னை இரண்டு முறை கேட்பேன். இரண்டு முறையும் நீ ஒரே பதிலைச் சொன்னால், அது எப்படி மாறாமல் வருகிறது என்று அதையும் சந்தேகப்படுவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உன் அண்ணன் வடகரப்பதியிலிருந்து பஸ் ஏறி வருவார். தக்காளித் தோட்டக்காரர். கோயமுத்தூர் மில்லில் இருந்த காலத்தில் செஸ் பழகியவர். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பலகையை விரிப்போம். நீ சற்றுத் தள்ளி உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டிருப்பாய். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு நகர்த்தலையும் கட்டங்களின் எண்களோடு நோட்டில் எழுதி வைப்பேன். எழுதினேனே தவிர, திரும்பப் படித்ததில்லை.

அந்த வருடம் தொடர்ந்து ஒன்பது வாரம் தோற்றேன். ஒன்பதாவது தோல்விக்குப் பிறகு நோட்டைப் புரட்டியபோதுதான், சில நகர்த்தல்களுக்கு எதிரே அந்தக் கேள்விக்குறிகளைப் பார்த்தேன். என் கையெழுத்து இல்லை. வீட்டில் நாம் இரண்டே பேர். நீ நோட்டை உன் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டுகிறாய், என் ஆட்டத்தின் ஓட்டைகளைக் குறித்துக்கொண்டு வந்துதான் அவர் என்னை அடிக்கிறார் என்று முடிவு கட்டினேன். உன்னிடம் கேட்கவில்லை. ஒரு வாரம் முழுக்க நீ பையில் என்ன எடுத்துப் போகிறாய் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து உட்காருவதற்குள் கேட்டுவிட்டேன். "மச்சான், என்ற நோட்டு உங்க கைக்கு எப்படி வந்துச்சுங்க?"

"எந்த நோட்டுங்க மாப்ளெ?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

அவர் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நீ வைத்த டீயைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

அவர் தெரு முனை திரும்பும்வரை நீ வாசலில் நின்றாய். பிறகு உள்ளே வந்து சொன்னாய்: "அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நாந்தான் போட்டேன்."

"உனக்கு இதுல என்ன தெரியும்?"

"பாத்துப் பாத்துப் பழகிக்கிட்டேனுங்க. நீங்க வேலைக்குப் போனதும் நோட்டப் பாத்து காய நகத்தி நகத்திப் பாப்பேன். சொன்னாக் கோவிச்சுக்குவீங்கன்னுதான் சொல்லல."

நான் நம்பவில்லை. அண்ணனைக் காப்பாற்றச் சொல்கிற பொய் என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஆபீஸ் வேலையாகப் பாலக்காட்டுக்குப் போனபோது, அங்கே ஒருவரோடு ஆடித் தோற்ற ஆட்டத்தை நோட்டில் எழுதிக்கொண்டு வந்து வழக்கமான இடத்தில் வைத்தேன். உன் அண்ணன்தான் நம் வீட்டுப் பக்கமே வருவதில்லையே. நீயும் வெளியே போகவில்லை. அதையும் பக்கத்து வீட்டில் விசாரித்து வைத்துக்கொண்டேன். அதை உன்னிடம் கடைசிவரை சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். மூன்றாம் நாள் திறந்து பார்த்தேன். அந்த ஆட்டத்தில் நான்கு கேள்விக்குறிகள்.

அன்று சாயங்காலம் பலகையை எடுத்து வைத்து, ஏன் இந்த இடத்தில் போட்டாய் என்று உன்னிடம் கேட்டேன்.

"அவுரு ராணி இங்க வரவே முடியாதுங்க. சிப்பாய் மறிச்சு நிக்குது பாருங்க. வராததுக்கு எதுக்குங்க குதிரையப் பின்னால இழுத்தீங்க?"

அடுத்ததைக் கேட்டேன். அதற்கும் அதே மாதிரி பதில். பிறகு நானே பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தேன். எனக்குத் திட்டம் போடத் தெரிந்திருந்தது. ஆனால் பாதி ஆட்டத்தில் உன் அண்ணன் தாடையைத் தடவினால் போதும், ஏதோ சதி என்று காய்களைப் பின்னுக்கு இழுத்திருக்கிறேன். ஒன்பது தோல்வியில் ஏழு அப்படி வந்தவை. அவர் என்னை அடிக்கக்கூட இல்லை. நான் ஒதுங்கிக்கொடுத்த இடத்தில் நடந்து வந்திருக்கிறார்.

மறுநாளே லீவு போட்டு வடகரப்பதிக்குப் போனேன். உன் அண்ணன் கூடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். கூடை நிறையும்வரை பொறுக்கிக்கொண்டே இருந்தார். அப்புறம் கேட்டார்: "என்ற தப்பையும் குறிச்சிருக்காளாங்க மாப்ளெ?"

"பதினாலு எடத்துல."

"அட கழுத!" என்று சிரித்துவிட்டார். அடுத்த ஞாயிறு வந்தார்.

ஆனால் நீ வரவில்லை. பலகைக்கு எதிரே, அதைத்தான் சொல்கிறேன். எத்தனையோ முறை கூப்பிட்டேன். உன் அண்ணனோடு ஆடினாய், ஜெயிக்கவும் செய்தாய். என்னோடு மட்டும் மாட்டேன் என்றாய். ஒரு நாள் காரணத்தைக் கேட்டபோது சொன்னாய்: "நீங்க பலகையப் பாக்க மாட்டீங்க. என்ற மொகத்தத்தான் பாப்பீங்க."

நாற்பது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தோம். ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அதற்காக நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நீயாகவே மறந்திருப்பாய் என்று காத்திருந்துவிட்டேன்.

போன வாரம் வாசகசாலையில் என்னோடு ஆடியவர், ஆட்டத்தின் நடுவே இரண்டு முறை போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்ததும் சட்டென்று ஒரு காயை நகர்த்தினார். நான் தோற்றேன். பழைய புத்தி கொதித்தது; போனில் பார்த்துவிட்டு வந்துதான் ஆடினீர்களா என்று கேட்கத் துடித்தேன். பற்களைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து ஆட்டத்தை எழுதி ஒவ்வொரு நகர்த்தலாகப் பார்த்தேன். அவர் முதல் முறை எழுந்து போவதற்கு முன்பே என் யானையைத் தவறான இடத்தில் வைத்திருந்தேன்.

அவர் எதற்காக வெளியே போனார் என்று இன்னும் எனக்குத் தெரியாது. நேற்றும் அவரோடு ஆடினேன். கேட்கவில்லை.