பூட்ஸ் கயிறு கட்டுகிறவர்

அண்ணா,

உங்கள் முதலாண்டு நினைவு நாளுக்கு ஃபிளெக்ஸ் அடிக்க அண்ணி என்னைத்தான் அனுப்பினார்கள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடை. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த தம்பி உங்கள் போட்டோவை வாங்கினார். கொஞ்ச நேரத்தில் உங்களை வெளுப்பாக்கி, நெற்றிச் சுருக்கத்தை அழித்து, நீலக் கோட்டு ஒன்றையும் மாட்டிவிட்டார். "அத்தனையும் எடுத்துடுப்பா" என்றேன். "எல்லாரும் இப்டித்தாம்மா கேட்டு வாங்கிக்கினு போறாங்க" என்று சலித்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்கச் சட்டையில் மைக்கறையோடு திரிந்த மனுஷன் கோட்டுப் போட்டு நிற்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

என் கதைகளுக்கு நீங்கள் படம் போட்டது வாரப் பத்திரிகை ஆசிரியர் செய்த ஏற்பாடு. விழுப்புரத்தில் நான் எழுதுவேன், திண்டிவனத்தில் நீங்கள் வரைவீர்கள். என் கதாநாயகிகள் எல்லோருக்கும் அண்ணியின் மூக்குதான். கேட்டால், "தெரிஞ்ச மூக்குதானம்மா கைக்கு வரும்" என்பீர்கள். அதற்கு முன்பு பட்டாளத்தில் வரைபடம் போடும் வேலையில் இருந்தீர்கள் என்பதும், எல்லைச் சண்டையின்போது மிஞ்சிய தாள்களில் கூட இருந்தவர்களை வரைந்தீர்கள் என்பதும் எனக்கு வெகுநாள் தெரியாது. வரையும் முன் ஆளிடம் பேரையும் ஊரையும் கேட்டு, படத்தின் அடியில் எழுதிக்கொள்வது உங்கள் வழக்கம்.

ஒரு சிறப்பிதழுக்காக ஆசிரியர் அந்தப் படங்களைக் கேட்டார். துப்பாக்கியும் கொடியும் எதிர்பார்த்தவர் முன்னால், சாக்ஸ் காயவைப்பவர், மல்லாட்டைக் கடலை உரிப்பவர், குனிந்து பூட்ஸ் கயிறு கட்டுகிறவர் என்று எடுத்து வைத்தீர்கள். "என்ன சார், சண்டையே காணோம்?" என்றார்.

"சண்ட கொஞ்ச நேரந்தாங்க. மத்த நேரமெல்லாம் இதான்" என்றீர்கள்.

நான் பார்த்த போர்ப் படங்களில் எனக்குப் பயம் தந்தவை அவைதான். காய்கிற சாக்ஸுக்குச் சொந்தக்காரர் ஊர் திரும்பினாரா என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது.

இதழ் வெளிவந்த பிறகு, நான் உங்கள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு நாள், கண்டாச்சிபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா உங்களைத் தேடி வந்தார். பூட்ஸ் கயிறு கட்டுகிறவர் அவருடைய கணவர். அந்தச் சண்டையிலேயே இறந்துபோனவர். வீட்டில் இருந்த ஒரே போட்டோவும் கூரை எரிந்தபோது போய்விட்டதாம். படத்தின் அடியில் இருந்த பேரையும் ஊரையும் யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள். "மூஞ்சி தெரியறாப்ல ஒண்ணு போட்டுக் குடுங்க ஐயா, மால போட்டு வெச்சிக்கிறேன்" என்று கேட்டார். ஒரு காலை நேரம் மட்டுமே பார்த்த அந்த முகம் உங்களுக்கு நினைவில் இல்லை.

அவர் போனபின் நான் உங்களிடம் மல்லுக்கு நின்றேன். "வாராவாரம் இல்லாத மூஞ்சியெல்லாம் போடுறீங்க. இவங்களுக்கு ஒண்ணு போட்டா என்னண்ணா?"

"கதைக்குப் போடுவேன். இவன் செத்தவன்மா. இன்னொருத்தன் மூஞ்சிய வெச்சிட்டா, அந்தம்மா காலம் பூரா யாரையோ கும்பிட்டுக்கினு இருக்கும்."

அசல் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு நீங்கள் கிளம்பியபோது நானும் கூட வந்தேன். அந்த வீட்டுக்குள் போனதும், "மொகம் இல்லம்மா. எங்கிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான்" என்று கைகூப்பினீர்கள்.

அவர் படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். அச்சில் மை அப்பிப்போன இடமெல்லாம் அசலில் தெளிவாக இருந்தது. குனிந்த தலையில், ஒட்ட வெட்டிய முடிக்குள், இரண்டு சுழிகள். அவர் விரல் அங்கேயே நின்றது. "ரெட்டச் சுழி. ரெண்டு கல்யாணம் பண்ணிக்குவான்னு எங்க மாமியாரு கேலி பண்ணிக்கினே இருப்பாங்க" என்றார். சிரித்தார், பிறகு அழுதார்.

மாலை போட்டாயிற்று. குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு வந்தவர், பொட்டு வைக்க நெற்றி இல்லாமல் கண்ணாடி முன் தயங்கினார். கடைசியில் அந்தச் சுழியின் மேலேயே வைத்தார். "பேரச் சொல்லிக் கூப்ட்டா நிமிந்து பாத்துடுவாருன்னு இருக்குதுங்க" என்றார். நீங்கள் வெளியே போய், செருப்பைத் தேடுவதுபோல வெகுநேரம் குனிந்தபடியே இருந்தீர்கள். உங்களைவிடப் பெரிய கலைஞனை நான் பார்த்ததில்லை அண்ணா. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

இன்றும் எழுதும்போது தெரியாத இடம் வந்தால் கை தானாக ஜோடிக்கப் பார்க்கிறது. அந்த அம்மாவின் தயங்கிய விரல் நினைவுக்கு வரும், எழுதியதை அடித்துவிடுவேன். உங்கள் கடைசி நேரத்தில் நான் பக்கத்தில் இல்லை. தூக்கத்திலேயே, வலியில்லாமல், அமைதியாகப் போனீர்கள் என்று இந்த மடலில் எழுத எனக்கு எவ்வளவோ ஆசை. தெரியாது அண்ணா. அதனால் எழுதவில்லை.