பழைய பேங்கின் பின்சுவர்

உன் மகளின் வேலைச் சட்டை என் அடுப்படிக் கொடியில் காய்ந்துகொண்டிருக்கிறது. வெளியே போட வழியில்லை, அப்படி ஒரு மழை. அடுப்புச் சூடு பட்டதும் அந்தத் துணியிலிருந்து செராய் என்கிற எலுமிச்சைப் புல் எண்ணெய் வாசனை கிளம்புகிறது. ஹோட்டல் கூடத்திலும் படிக்கட்டிலும் காலையும் மாலையும் தெளிப்பார்களே, அதே எண்ணெய். எல்லாவற்றையும் மாற்றியவர்கள் அதை மட்டும் மாற்றவில்லை போலிருக்கிறது. குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் சொல்லவேண்டியது நிறைய இருக்கிறது.

அவள் இப்போது என்னோடுதான் இருக்கிறாள். உன் காரியம் முடிந்த அன்று என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். இதுவே அவள் வீடாகிவிட்டது. காலேஜ் முடித்துவிட்டாள். மலைக்குக் கீழே தாப்பா டவுனில் ஒரு கடையில் கொஞ்ச நாள் வேலை பார்த்தாள். பிறகு ஒரு நாள் வாசலில் வந்து நின்று, பழைய பேங்கு ஹோட்டலைத் திரும்பத் திறக்கிறார்கள், ரிசப்ஷனில் வேலை கிடைத்துவிட்டது என்றாள்.

"அந்த எடத்துக்கா?" என்றேன்.

"அந்த எடந்தான் சின்னம்மா. அம்மாவுக்குப் புடிச்ச எடம்."

உண்மைதானே.

உனக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தக் கட்டடத்தின் மேல் ஒரு கண். உன் அப்பா எஸ்டேட் லோரியை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போகும்போதெல்லாம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளான நாம் இரண்டு பேரும் தொற்றிக்கொள்வோம். கூட வருகிற எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி பேங்குக்குள் போய்விடுவார். நாம் எதிர்ப்பக்கம் நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்ப்போம். வெள்ளைக்காரத் துரைமார் காலத்துக் கட்டடம். முகப்பில் தடித்த தூண்கள், கம்பி போட்ட உயரமான ஜன்னல்கள், வாசல் காவலுக்குத் துப்பாக்கியோடு ஒரு ஜாகா. நாம் படியில் கால் வைத்தால் போதும், "பெர்கி! பெர்கி!" என்று விரட்டுவான். நான் ஓடிவிடுவேன். நீ ஒரு படி மட்டும் இறங்கி நின்று, "ஒரு நாளு உள்ள போயி படுத்துத் தூங்கிட்டு வரேன், பாரு" என்பாய். தமிழ் தெரியாத அந்த மனுஷன் துப்பாக்கியை ஆட்டுவான்.

அந்தக் கட்டடத்தில் அப்போதே எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டு. மலை அதன் முதுகை ஒட்டி நின்றது. உச்சியில் யாரும் கவாத்து பண்ணாமல் விட்ட தேயிலை, செடியாக இல்லாமல் மரமாக வளர்ந்து, பாதி நேரம் பனிக்குள் மறைந்து கிடக்கும். பனி விலகும்போது மலை ஓர் அடி முன்னால் வந்துவிட்டதைப் போல எனக்குத் தோன்றும். உன்னிடம் சொன்னால் சிரிப்பாய்.

பிறகு பேங்கு புதுக் கடைவரிசைக்குப் போய்விட்டது. கட்டடம் வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. அதற்குள் நமக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பிறந்து, உன் வீட்டுக்காரர் உன்னையும் பிள்ளையையும் விட்டுவிட்டு எங்கோ போயும் விட்டார். அந்தச் சமயத்தில்தான் கோலாலம்பூர் முதலாளி ஒருவர் அதை வாங்கி ஹோட்டலாக்கினார். பணம் கொடுத்து வாங்கின கவுண்டர் அப்படியே ரிசப்ஷன் ஆனது. பணம் வைத்துப் பூட்டின அறைதான் இருப்பதிலேயே வாடகை கூடின ரூம். பூட்டை அறுத்து எடுத்துவிட்டு, கனத்த இரும்புக் கதவை மட்டும் அழகுக்கு விட்டுவைத்தார்கள். சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் அதைத் தள்ளுகிற மாதிரி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். இருந்த இடம் போதவில்லை என்று பின்னால் மலையை வெட்டினார்கள். வெட்டின இடத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த சாப்பாட்டுக் கூடமும், அதற்குப் பக்கத்தில் துணி துவைக்கும் அறையும் எழும்பின.

ரூம் சுத்தம் செய்யும் வேலைக்கு நாம் ஒன்றாகத்தான் சேர்ந்தோம். சேர்ந்த வாரத்திலேயே நீ சொன்னதைச் செய்துவிட்டாய். இரும்புக் கதவு ரூமில் தங்கியிருந்தவர்கள் அப்போதுதான் காலி பண்ணியிருந்தார்கள். நான் விரிப்பை மாற்றிவிட்டுத் திரும்பினால், நீ செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பெரிய கட்டிலில் கையைக் காலை விரித்து மல்லாந்து கிடக்கிறாய்.

"ஏய், எந்திரி புள்ள! யாராச்சும் பாத்தா வேல போயிரும்."

"இரு லா. அந்த ஜாகா வரட்டும், அவன நான் பாத்துக்கறேன்."

நீ சிரித்த சிரிப்பு ஜன்னல் இல்லாத அந்த அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. அது அடங்கினபோது வேறொரு சத்தம் கேட்டது. சுவருக்குப் பின்னால் ஏதோ கசிந்து இறங்குகிற சத்தம். நீ எழுந்துபோய்ச் சுவரில் காதை வைத்தாய். "கொழாயா இருக்கும்" என்றாய். அந்தப் பக்கம் குழாய் எதுவும் இல்லை, மலைதான் இருந்தது. உனக்கும் அது தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு நீ வெளியே வந்தபோது உன் முகத்தில் சிரிப்பு இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை மறைக்க யாராலும் முடியவில்லை. சாப்பாட்டுக் கூடத்தின் பின்கதவு சட்டத்தில் இடித்தது; தோளால் முட்டித்தான் சாத்தவேண்டும். சுவரும் தரையும் சேருகிற இடத்தில் தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. நாம் துடைப்போம். மறுநாள் காலையில் அதே இடத்தில் அதே ஈரம். சுவரில் கோடு விழுந்தது. ஆள் வந்து சிமெண்டு பூசி, பெயிண்டு அடித்துவிட்டுப் போனார்கள். பெயிண்டின் மேலேயே மறுபடி கோடு விழுந்தது. மேனேஜர் நம் ஊர்ப் பையன்தான், கெட்டவன் இல்லை. "மொதலாளிகிட்ட சொல்லிட்டேங்க்கா. மழ முடியட்டும், பாத்துக்கலாம்னாரு" என்பான். அப்படிச் சொல்லும்போது அவன் அந்தச் சுவரைப் பார்க்கமாட்டான்.

பக்கத்துப் பள்ளத்தாக்கு லெம்பா பெர்த்தாமில் வீடுகள் மேல் சேறு இறங்கினதை நேரில் பார்த்தவர்கள் நாம். உன் சொந்தக்காரர் வீட்டுக் கட்டில் மரக்கிளையில் தொங்கியது. அது என் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

"நான் வேலைய விட்டு நின்னுக்கறேன்" என்றேன் உன்னிடம். "திரிங்காப்புல பூத்தோட்டத்துல ஆளு கேக்கறாங்க. நீயும் வா."

"அங்க மட்டும் என்னா, கடலா இருக்கு? அங்கயும் மலதான்." துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு என்னைப் பார்த்தாய். "இந்த ஊர்ல மலைக்குக் கீழ இல்லாத எடம் ஒண்ணு காட்டு, நாளைக்கே வரேன். புள்ள படிப்பு முடியற வரைக்கும் என்னால எங்கயும் போவ முடியாது சரசு."

நீ போகவில்லை. நானும் போகவில்லை.

அந்தக் காலைநேரத்தை நான் எத்தனையோ தடவை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். முதல்நாளெல்லாம் பெய்த மழை அப்போதுதான் தூறலாகியிருந்தது. சாப்பாட்டுக் கூடம் நிறைய ஆள். நாம் வாளியோடு அந்த மூலைக்குப் போனோம். தரை காய்ந்திருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. வடியாத தண்ணீர் மலைக்குள்தான் நிற்கும் என்று தோன்றாமல், "அப்பாடா, நின்னுருச்சி" என்றுகூடச் சொன்னேன். நீ கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய். நானும் பார்த்தேன். மேலே இருந்த தேயிலை மரம் ஒன்று, சாயாமல், வேரும் மண்ணுமாக, நின்ற நிலையிலேயே மெதுவாகக் கீழே வந்துகொண்டிருந்தது. யாரோ அதை வண்டியில் வைத்து இறக்குவதைப் போல. கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"கெலுவார்! கெலுவார்! எல்லாரும் வெளிய போங்க!"

உனக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே தெரியாது. முட்டையை வாயில் வைத்திருந்தவர்கள் விழித்தார்கள். ஒரு சீனப் பெரியவர் எழுந்திருக்கவே இல்லை. தட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவரைக் கையைப் பிடித்துத் தூக்கினாய். நான் யாருடைய பிள்ளையையோ இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். கவுண்டரைத் தாண்டி, தூண்களைத் தாண்டி, சாலைக்கு அந்தப் பக்கம் போய் எல்லோரும் நின்றோம். மேனேஜர் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

"பிமலா எங்க?" என்றாய்.

பிமலா, துணி துவைக்கும் அறையில் இருந்த நேப்பாளப் பெண். வந்து சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"போவாத புள்ள. யாராச்சும் ஆம்பளைங்க போவட்டும்."

"விடு சரசு. மெஷின் சத்தத்துல அவளுக்கு ஒண்ணும் கேட்டிருக்காது."

பக்கவாட்டுச் சந்து வழியாகப் போனாய். கொஞ்ச நேரத்தில் அதே சந்திலிருந்து பிமலா ஓடி வந்தாள். ஈர விரிப்பு ஒன்றை மார்போடு கட்டிப் பிடித்திருந்தாள். அவளுக்குப் பின்னால், சந்தின் முனையில், உன் முகத்தைப் பார்த்தேன். நீயும் என்னைப் பார்த்தாய் என்றுதான் இன்றுவரை நம்புகிறேன். பெரிய இடி மாதிரி கேட்டது என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். என் காதில் விழுந்தது, லோரியிலிருந்து மணலைக் கொட்டுகிற சத்தம் மட்டும்தான். பிறகு சந்து இல்லை. கண்ணாடிக் கூடம் இல்லை.

பழைய பேங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு ஜன்னல்கூட உடையவில்லை. உன்னைத் தோண்டி எடுக்கும்வரை நான் அதன் படியில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் விரட்டவில்லை.

இப்போது மலையை இன்னும் உயரத்துக்கு வெட்டியிருக்கிறார்கள். வெட்டின இடமெல்லாம் கறுப்பு பிளாஸ்டிக் போர்த்தி, காற்றடித்தால் படபடவென்று அடித்துக்கொள்கிறது. அடியில் புதிதாக ஒரு கான்கிரீட் சுவர். தண்ணீர் வடிய அதில் வரிசையாகக் குழாய் வைத்திருக்கிறார்கள். பெரிய படிப்பு படித்தவர்கள் வந்து பார்த்துத்தான் கட்டினார்களாம். இருக்கலாம். எனக்கு அதைப்பற்றி என்ன தெரியும்? ஆனால் நீ கடைசியாக நின்ற இடத்தில் இப்போது பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள், அது தெரியும்.

வேலையை விட்டுவிடு என்று உன் மகளிடம் கெஞ்சினேன், சண்டை போட்டேன். ஒரு நாள் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள்: "அம்மா செத்த எடம்னு அந்த ரோட்டுல கண்ண மூடிக்கிட்டே போனேன் சின்னம்மா. பஸ்ஸுல போனாக்கூட கண்ண மூடிக்குவேன். இனிமே அப்படி இருக்க முடியாது."

அதனால் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். போன வாரம் மழை வலுத்ததும் பஸ் ஏறிப் போய், சொட்டச் சொட்ட அந்தக் கவுண்டர் முன்னால் நின்றேன். "வெளிய வா" என்றேன். விருந்தாளிகள் எல்லோரும் பார்த்தார்கள். அவளுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. சத்தம் போடுவேன் என்று பயந்துதான் வந்திருப்பாள். எதிரே மூடிக் கிடந்த ஸ்ட்ராபெரிக் கடையின் கூரைக்குக் கீழே நின்றோம்.

"மழ கனமா பெஞ்சா வருவேன்" என்றேன்.

"எத்தன நாளைக்கு இப்படி?"

"மழ நிக்கிற வரைக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த ஊரில் மழை நிற்பதாவது. தூறலானதும் உள்ளே போய்விட்டாள். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. நான் மறுநாளும் போனேன், அதற்கடுத்த நாளும் போனேன்.

இன்று காலையில் பேய்மழை. பஸ்ஸை விட்டு இறங்கிப் பார்த்தால், நான் கூப்பிடுவதற்கு முன்பே அவள் வெளியே நிற்கிறாள். தனியாக இல்லை. சமையல்காரர், ரூம் சுத்தம் செய்கிற பெண்கள், மறுபடி வேலைக்கு வந்திருக்கும் பிமலா, பிள்ளை குட்டியோடு விருந்தாளிகள், எல்லோரும் அந்தக் கடைக் கூரைக்குக் கீழே இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பாதிப் பேர் நனைந்துகொண்டு.

"என்னா சொல்லிக் கூட்டியாந்த?" என்றேன்.

"அவசரத்துக்கு வெளிய போற பயிற்சின்னு சொல்லிட்டேன். புது மேனேஜரு கத்திக்கிட்டு இருக்காரு. வேலைய விட்டுத் தூக்கறாராம். தூக்கட்டும்."

சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். குளிரோ என்னவோ. பிளாஸ்டிக் அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. எல்லோரும் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வெகுநேரம் கழித்து மழை குறைந்தது. மலை நின்றது நின்றபடி இருந்தது. ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். பிமலா மட்டும் போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

உன் மகள்தான் கடைசி. சாலையைக் கடந்தவள் பாதியில் திரும்பி வந்தாள்.

"நாளைக்கு வரும்போது பெரிய கொடையா ரெண்டு மூணு கொண்டு வாங்க சின்னம்மா. எல்லாருக்கும் அந்தக் கூர பத்தல."

நாளைக்கும் கனமழை என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கியதையும் சேர்த்து, குடைகளை வாசலில் சாத்தி வைத்திருக்கிறேன்.