சிவப்பு அட்டையைக் கழற்ற ஒருவர்

ஆடி 20, காலை 6:10
எல்லாம் நலம். இடம்: வியாழனின் நிலாக்களில் ஒன்று. பனியை உருக்கி, கப்பல்களுக்கு எரிபொருளும் நமக்குக் காற்றும் செய்யும் தொழிற்சாலை. ஆள்: ஒன்று. பெயர் தெய்வசிகாமணி, ஊர் கோவை கணபதி, படிப்பு ஒன்பதில் பாதி. இனிச் சொல்லித்தர ஒன்றுமில்லை என்று வாத்தியாரே கும்பிட்டு அனுப்பிவிட்டார்.
மற்ற ஏழு பேரும் போன கப்பலில் ஊருக்குப் போனார்கள். புது ஆட்கள் ஐப்பசி முதல் வாரம் வருவார்கள். அதுவரை நான் ஒருத்தன் போதும் என்று கை தூக்கினேன். எட்டுப் பேர் வேலையை ஒருத்தன் பார்ப்பதை வியாழனே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

ஆடி 27, காலை 6:30
இதைக் கண்டெடுப்பவருக்குக் கம்பெனி வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். வாட்ச்மேன் முதல் மேலாளர் வரை ஆளுக்கொரு மெஷின். காலையில் அதைத் துடைத்து, தொட்டுப் பார்த்து, காது கொடுத்துக் கேட்க வேண்டும். கோளாறு தெரிந்தால் சிவப்பு அட்டை கட்ட வேண்டும். கோவை ஆபீசிலும் விளக்கு எரியும். சரிசெய்த பிறகு கட்டியவரே கழற்றக் கூடாது. இன்னொருவர் வந்து பார்த்துத்தான் கழற்ற வேண்டும்.
எட்டுப் பேர் இருந்தபோது அடுத்தவர் மெஷினில் அட்டை கட்டுவது பெரிய விளையாட்டு. செபாஸ்டின் என் பம்பில் கட்டிவிட்டுச் சாப்பாட்டு மேசையில் அறிவிப்பான்: "அண்ணனோட பொண்ணுக்குக் காய்ச்சலுங்கோ."
இப்போது நான் கட்டினால் கழற்ற ஆள் ஏது? தொங்கிக்கொண்டே கிடக்கும், என் பேர் கெடும். அதனால் கட்டுவதில்லை. கோளாறு வந்தால் சத்தமில்லாமல் முடித்துவிடுகிறேன்.

ஆவணி 9, மதியம் 1:05
பெரியவளுக்கு ஒரு வால்வு தேய்ந்தது. பெரியவள் என்றால் பெரிய கம்ப்ரசர். நான் மூச்சுவிடுவது அவள் தயவில். அவள் நின்றால் ஓட்டுவதற்கு இருக்கும் சின்னவள் சும்மாதானே நிற்கிறாள்? அவளிடமிருந்து கழற்றி மாட்டினேன். போன வாரம் பெல்ட்டும் பில்டரும் அப்படித்தான். ஒற்றைக் கையால், கண்ணை மூடிக்கொண்டு, தேநீர் ஆறுவதற்குள்.
செபாஸ்டின் உட்காரும் இடத்தில் என் தொப்பியை வைத்திருக்கிறேன். எதிரில் ஏதாவது இருந்தால்தான் எனக்குக் கதை வருகிறது.

ஆவணி 30, மாலை 4:20
கோவை ஆபீசிலிருந்து செய்தி. பேசியது கோகிலவாணி. எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெண், என்னை மாமா என்றுதான் கூப்பிடும். அங்கிருந்து பேச்சு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும்.
"மாமா, உங்க நிலையத்துல ஒரு அட்டைகூட இல்லீங்க. மெயின் கேட்டுல உங்க போட்டோவ மாட்டிட்டாங்க. சனி நிலையத்துல நாப்பது அட்டை தொங்குதுங்க. அதனால உங்க கப்பலை அங்க திருப்பிட்டாங்க. உங்களுக்கு ஆளே வேண்டாமுன்னு மேலாளர் சொல்லிட்டாருங்க. அடுத்தது பங்குனிலதானுங்க."
போட்டோவில் எந்தச் சட்டை என்று கேட்டு அனுப்பினேன். வேறொன்றும் கேட்கவில்லை. தொப்பியிடமும் இதைச் சொல்லவில்லை.

புரட்டாசி 6, காலை 7:15
"நீலச் சட்டைங்க மாமா. நீங்க பேசறப்போ பொறவால ஒரு கீச்சுச் சத்தம் வருதுங்க. போன மாசம் இல்லீங்களே. என்னுங்க அது?"
வியாழன் இங்கே குறட்டை விடும் கண்ணு, எனக்கே தூக்கம் போகும் என்று அனுப்பிவிட்டுச் சிரித்தேன். பிறகு போய்ப் பெரியவளிடம் காது வைத்தேன். ஒன்றுமில்லை. ஆடியில் நான் அனுப்பிய பேச்சைப் போட்டுக் கேட்டேன். நேற்றையதையும் கேட்டேன். நேற்றையதில் கீச்சென்று பேரிங் அழுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக ஏறிய சத்தம்; நாள் தவறாமல் கேட்ட என் காதில் அது விழவே இல்லை. இன்னொருவர் வந்து பார்க்க வேண்டும் என்று எதற்கு வைத்தார்கள் என்பது இப்போது விளங்குகிறது. சின்னவளின் பேரிங் அளவு வேறு. பொருந்தாது.

புரட்டாசி 7, காலை 9:40
பெரியவளுக்கு அட்டை கட்டினேன். சின்னவளுக்கும், நான் ஒட்டுப்போட்டு ஓட்டும் மற்ற எல்லாவற்றுக்கும் கட்டினேன். மேலாளர் பார்த்திபனே பேசினார்.
"தெய்வசிகாமணி, கப்பல் சனிக்குத் திரும்புனதும் ஒரே நாள்ல இத்தனை அட்டையா? நேத்து வியாழன் குறட்டைன்னீங்க, இன்னிக்கு பேரிங்கா? தனியா இருக்கறது கஷ்டந்தான். அதுக்காக இப்படியெல்லாம் பண்ணாதீங்க."
திரும்பத் திரும்பச் சொன்னேன். நான் சொல்வதில் பாதியைத் தள்ளித்தான் எப்போதும் கேட்பார்கள். இந்த முறை எந்தப் பாதி என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

புரட்டாசி 15, மதியம் 2:50
பெரியவள் நின்றாள். இவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை. சின்னவளைத் திறந்தேன்; வெறும் கூடு. என் கை வேலைதான், சுத்தமான வேலை.
செய்தி அனுப்பினேன். கோகிலவாணி:
"நான் நம்பறேனுங்க மாமா. மேலாளரைக் கூட்டிட்டு வந்து அந்தச் சத்தத்தக் கேக்க வெச்சேன். கப்பலை உங்க பக்கமே திருப்பச் சொல்லிட்டாரு. ஆனா வந்து சேர தை ஆயிருமுங்க. காத்து எதுவரைக்கும் இருக்குதுங்க?"
ஐப்பசி பிறக்கும்வரை காற்று தாங்குவதே சந்தேகம். ஆனால் தை தைதான். நான் எதைச் சொன்னாலும் கப்பல் வேகமாக வராது. அந்தப் பெண் ஏன் சோறு இறங்காமல் கிடக்க வேண்டும்? பங்குனி வரை தாராளம், நான் மூச்சைச் சிக்கனமாக விடுகிறவன் என்று சொன்னேன். சிரித்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தாலும் நல்ல சிரிப்பு.

புரட்டாசி 27
தலை சுற்றுகிறது. எல்லா மெஷினையும் துடைத்துவிட்டேன். வருபவர்கள் அழுக்கைப் பார்க்கக் கூடாது. தொப்பிக்குக் கதை சொன்னேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்.

புரட்டாசி 28
ஒரு அட்டை மிச்சம் இருந்தது. என் மணிக்கட்டில் கட்டியிருக்கிறேன். எழுதியிருப்பது இது.
மெஷின்: தெய்வசிகாமணி.
கோளாறு: கேட்க ஆளில்லாமல் ஓடியது.
கட்டியவர்: தெய்வசிகாமணி.
வழக்கப்படி நான் கழற்றக் கூடாது. நீங்கள் யாராக இருந்தாலும் சரி, முதலில் தொட்டுப் பாருங்கள், காது கொடுத்துக் கேளுங்கள், அப்புறம்