பொத்தான் படை

இன்று காலை கட்டுகஸ்தோட்டையில் செருப்புத் தைப்பவரின் கடையோரம் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். பசை வாசம் மூக்கில் ஏறியது. “வாங்க, பஸ் வந்திருச்சு” என்று மனைவி கையைப் பிடித்து இழுத்தாள். என்னால் நகர முடியவில்லை. நண்பா, உன் தையல் சாமான் கடையின் மாடியில் எப்போதும் இருந்த வாசம் அது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மாடி நம் மூவருக்கும் போர்க்களம். நீ, நான், பேராதனையில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து ரமணன். பச்சைத் துணி விரித்த மேசை, அட்டையைப் பசையால் ஒட்டிச் செய்த குன்றுகள், சுண்டுவிரல் உயரப் படைவீரர்கள், அளவு நாடா, தாயக்கட்டைகள். பேரப்பிள்ளை எடுக்கிற வயதில் பொம்மை விளையாட்டா என்று வீட்டில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள். அந்தப் போர் விளையாட்டின் விதிப்புத்தகம் வெளிநாட்டுக் கொம்பனி ஒன்று அச்சிட்டது. பொம்மைகளும் அவர்கள் விற்பவையாகவே இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. ரமணன் அதில் ஓர் எழுத்தும் பிசகமாட்டான்.

பிறகு என் கண்ணில் அழுத்தம் கூடியது. போன பார்வை திரும்பாது என்றார் டாக்டர். மேசை எனக்கு வெறும் பச்சை மூட்டமாயிற்று. தடவிப் பார்த்தால் வீரர்களின் ஈட்டிகள் விரல் பட்டு ஒடிந்தன.

“எனக்கு இனி முடியாதுப்பா. என் படைய நீயே வச்சுக்க” என்று உனக்குப் போன் செய்தேன்.

“ஞாயிறு வா மச்சான். வந்துட்டு முடியாதுண்டு செல்லு” என்றாய்.

வந்தேன். என் விரல்களைப் பிடித்து மேசையில் வைத்தாய். மரவில்லைகளில் நீ ஒட்டிவைத்த பொத்தான்கள். இரண்டு துளை வில்லாளி, நான்கு துளை காலாள், கோட்டுப் பொத்தான் குதிரைப்படை. எதிராளி ஒவ்வொரு நகர்வையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றும் ஒரு விதி சேர்த்திருந்தாய்.

ரமணனுக்கு அது பிடிக்கவில்லை. “உவன்ர கண்ணுக்கு நானும் கவலைப்படுறன். ஆனா பொம்மையும் இல்லை, விதியும் இல்லை எண்டா இது வேற விளையாட்டு. புத்தகம் பிறகு என்னத்துக்கு?”

“கொழும்புப் போட்டிக்குப் போனா அவங்கட சட்டம்தான். அது முன்னபின்ன தெரியாதவங்க ஆடுற எடம், புத்தகம் வேணும். அங்க நான் வாயே தொறக்க மாட்டேன்” என்றாய் நீ. “இங்க ஆடுறவங்க சம்மதிச்சாப் போதும். புத்தகம் எழுதினவன் நம்மட மேசைக்கு வரல்ல ரமணன். இவன் வந்தீக்கான்.”

ரமணன் கதிரையை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. “சரி. என்ர குதிரைப்படை, இடப்பக்கக் குன்றுக்கு, ஆறு அங்குலம்.”

அன்று நான் தோற்றேன். கடைசித் தாயத்தை இன்னொரு தடவை உருட்டட்டுமா என்று உன்னைக் கேட்டேன்.

“ஏலா மச்சான். கண்ணுக்காகத்தான் சட்டத்த மாத்தின. தோக்கிறதுக்கு மாத்தல்ல.”

அதைக் கேட்டு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று உன்னிடம் சொன்னதே இல்லை. கண் போனதிலிருந்து எல்லோரும் எனக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பேச்சில், நடையில், சாப்பாட்டுத் தட்டில்கூட. நீ ஒருவன்தான் என்னை முழு எதிரியாக உட்காரவைத்தாய்.

நோன்புக்குச் சில நாள் முன்பு உன் இதயம் நின்றுபோனது. அலவத்துகொடயில் உன் ஜனாஸா அடக்கத்துக்கு ரமணன்தான் என் முழங்கையைப் பிடித்துக் கூட்டிப்போனான். திரும்பி வந்து என் வீட்டு வாசலில் நின்று சொன்னான்: “ஞாயிறு வாறன். அவன் உனக்குத் தந்த பொத்தான்களை எடுத்து வை.”

வந்தான். இன்றும் வருகிறான். கேட்காமலே நகர்வுகளை உரக்கச் சொல்கிறான்.

போன வாரம் அவன் அலுவலகத்துப் பெண்ணொருத்தி விளையாடிப் பார்க்க வந்தாள். அவளுக்கு ஒரு கை சரியாக வராது. மேசையை எந்தப் பக்கம் திருப்பினால் வசதி, தாயத்தை எதில் போட்டு உருட்டலாம் என்று முதலில் அவளிடம் கேட்டேன். எல்லாம் பேசி முடித்தபின், கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல் அவளைத் தோற்கடித்தேன்.

“அடுத்த ஞாயிறும் வரலாமா?” என்று கேட்டாள்.