கானோடெர்மாவும் கேட்டை நட்சத்திரமும்

18 நவம்பர் 2024, திங்கள்

எழுதவே கை கூசுகிறது. ஜெர்மனிக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தைக் கோயில் அன்னதானக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டேன்.

முழுக் கடிதமும். ஆங்கிலத்தில். "சிறு வயது முதலே பூஞ்சைகள் மீது எனக்குத் தீராத காதல்" என்று தொடங்கும் கடிதம். அது பொய். சிறு வயதில் எனக்குத் தீராத காதல் இருந்தது பள்ளி வேன் ஓட்டுநரின் மகன் மீது. அவன் இன்று வழுக்கைத் தலையோடு கோயில் கமிட்டியில் இருக்கிறான். அந்தக் குழுவிலும் இருக்கிறான்.

மகள் லோஷினிக்கு அனுப்பி ஆங்கிலத்தைத் திருத்தச் சொல்லலாம் என்று நினைத்தேன். விரல் ஒரு கட்டம் மேலே போய்விட்டது. நான் கவனிப்பதற்குள் பாதிப் பேர் பார்த்தாயிற்று. இனி அழித்தால் 'என்னத்தை அழிச்சா?' என்று மீதிப் பேரும் தேடி வருவார்கள்.

முதல் பதில் சமையல் குழுத் தலைவி வெள்ளையம்மா அக்காவிடமிருந்து. கும்பிடும் கை மூன்று. அப்புறம்: "வாழ்த்துகள் லோஷினி! நம்ம கோயில் புள்ள ஜெர்மனிக்குப் படிக்கப் போவுது!"

முதல் வரிக்குக் கீழே ஒருவரும் படிக்கவில்லை. என் பெயர் கடைசியில் இருக்கிறது. வெளிநாடு, படிப்பு என்றால் அது மகளுக்குத்தானே இருக்க முடியும்? நாற்பத்தாறு வயது கஸ்தூரிக்கு யார் தருவார்கள்?

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "நன்றி அக்கா" என்று போட்டேன்.

19 நவம்பர்

நேற்றுப் புலம்பியதில் விஷயத்தையே எழுதவில்லை.

யோங் பெங் ஊருக்கு வெளியே, எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கான ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இருபது வருடமாக நான் ஆய்வுக்கூட உதவியாளர். கானோடெர்மா என்று ஒரு பூஞ்சை. செம்பனையின் அடித்தண்டை உள்ளேயிருந்து தின்னும். அதோடுதான் என் பிழைப்பு. வார இறுதி வகுப்புக்குப் போய் முதுகலை முடித்தேன். இப்போது ஜெர்மனியில் ஓர் ஆய்வுக் கழகம் உலகம் முழுவதிலுமிருந்து ஆள் எடுக்கிறது. நாலு வருட முனைவர் பட்டம். படிப்பு, விமானம், மாதச் செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒருவர் ஒரு திட்டத்துக்குத்தான் விண்ணப்பிக்கலாம். பட்டியலில் என் பூஞ்சையும் இருந்தது! பெயரைப் பார்த்ததும் வெளியூரில் சொந்தக்காரரைப் பார்த்தது போல் ஆகிவிட்டது.

இங்கே நிலவரம் என்னவென்றால், ஆய்வுக்கூடத்தை அடுத்த ஆண்டு கடல் தாண்டி சபாவுக்கு மாற்றுகிறார்கள். எனக்கு எடைமேடைக் கவுண்டரில் வேலையாம். ஒன்று ஜெர்மனி, இல்லையென்றால் குலை ஏற்றி வரும் லாரிக்குச் சீட்டுக் கிழித்துக்கொண்டே ஓய்வு பெற வேண்டும்.

கடைசி நாள் நவம்பர் முப்பது.

20 நவம்பர்

ஜேபி நகரில் கேக் செய்யும் படிப்பு படிக்கிற லோஷினி போனில் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, ஆன்ட்டிங்க எல்லாம் எனக்கு வாழ்த்து போடுறாங்க. நான் என்னாத்துக்கு ஜெர்மனி போறேன்? ரொட்டில பூஞ்சை புடிச்சா கண்ண மூடிட்டுத் தூக்கிப் போடுற ஆளு நான்!"

"கொஞ்ச நாளைக்கு அப்படியே இருக்கட்டும்லா. எனக்குக் கிடைச்சா உண்மையச் சொல்லிடறேன்."

"கிடைக்கலன்னா?"

"உனக்குக் கிடைக்கலன்னு சொல்லிடலாம்."

"அலமாக்! நீங்க ஃபெயிலாகறதுக்கு என் பேரா?"

பெற்ற பிள்ளை ஒரு சின்ன உதவி செய்யக் கூடாதா?

26 நவம்பர்

கடிதம் தயார். சான்றிதழ் தயார். மேலதிகாரியின் பரிந்துரை மட்டும் வரவில்லை. டாக்டர் ஏரம்பமூர்த்தி ஒரு விரலால் தட்டச்சு செய்பவர். அந்த விரலையும் யோசித்துத்தான் தூக்குவார். இன்று அறைக்குப் போய் ஞாபகப்படுத்தினேன்.

"பிள்ளை, இந்த வயசில உமக்கு உந்த அலுப்பு ஏன்?" என்றார்.

அவருக்கு அறுபத்து மூன்று. இரண்டு தடவை ஓய்வு பெற்று இரண்டு தடவையும் திரும்பி வந்தவர். சிரித்துக்கொண்டே வெளியே வந்து, கதவு மூடியதும் நாக்கைத் துருத்தினேன். சுத்தம் செய்யும் அக்கா பார்த்துவிட்டாள். பரவாயில்லை, அவளும் அதைச் செய்கிறவள்தான்.

28 நவம்பர்

கறிபப் வாங்கிக் கொடுத்தேன். மூன்று சாப்பிட்டார். பரிந்துரை வரவில்லை.

30 நவம்பர், சனி

காலையில் அவர் வீட்டுக்கே போய் வாசலில் நின்றேன். நீதிபதி வந்தது போல் பயந்துவிட்டார் பாவம். அவர் மனைவி தவமணிதேவிதான் காப்பாற்றினார். "பிள்ளை வாசல்ல நிக்குது, நீங்க பேப்பர் படிக்கிறியள்!" அரை மணி நேரத்தில் கடிதம் போயிற்று. "கிடைக்காட்டிக் கவலைப்படாதையும்" என்று டாக்டர் வழியனுப்பினார்.

விண்ணப்பம் போய்விட்டது. மின்னஞ்சலை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை திறந்து பார்க்கிறேன். கறிபப் சாப்பிட்டது அவர், தவிப்பு எனக்கு.

6 டிசம்பர், வெள்ளி

கோயிலில் பெரிய கூத்து. வெள்ளையம்மா அக்கா தட்டோடு வரிசையில் நின்று, குருக்களிடம் கணீரென்று: "லோஷினி, ரோகிணி நட்சத்திரம், வெளிநாட்டுப் படிப்பு கைகூடணும்." இது வாராவாரம் நடக்குமாம். தை முடியும் வரை வேண்டுதலாம்.

பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வேறென்ன செய்ய? வீட்டுக்கு வந்தபிறகுதான் பயம் பிடித்தது. என் நட்சத்திரம் கேட்டை. அக்கா போடுகிற அர்ச்சனை முழுக்க ரோகிணிக்குப் போனால், கேட்டைக்கு யார் பொறுப்பு? நான் விஞ்ஞானம் படித்தவள். இதையெல்லாம் நம்புகிறவளா? இல்லை. ஆனால் வருகிறதைத் தப்பான முகவரிக்கு அனுப்பவும் மனம் வரவில்லை.

லோஷினி இன்றைக்குச் செய்த கேக் என்றுமில்லாமல் நன்றாக உப்பிவந்ததாம். பார்த்தாயா?

20 டிசம்பர்

ஜெர்மனியிலிருந்து மின்னஞ்சல். திறக்கும்போது கண்ணாடியைக் கீழே போட்டேன். விண்ணப்பம் கிடைத்ததாம், அவ்வளவுதான். இந்த ஆண்டு அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்திருக்கிறார்களாம். அதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம்.

என் போட்டியாளர் யார் என்று பார்க்காமலே எனக்குத் தெரியும். வயது இருபத்து நாலு. கட்டுரைகள் ஏழு. மூட்டுவலி கிடையாது. காலையில் ஓடுவாள். சிறு வயது முதலே பூஞ்சைகள் மீது அவளுக்கு நிஜமாகவே தீராத காதல். சனியன்.

8 ஜனவரி 2025

நேர்காணலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்!!

29ஆம் தேதி, நம் நேரம் மாலை ஐந்து மணி. காணொளியில்.

மின்னஞ்சலை மூன்று தடவை படித்தேன். சந்தோஷமா பயமா தெரியவில்லை.

9 ஜனவரி

நாட்காட்டியைப் பார்த்தேன். 29, சீனப் புத்தாண்டு. முதல் நாள். எங்கள் தாமான் குடியிருப்பில் பாதி வீடு சீனர் வீடு. பட்டாசு!

14 ஜனவரி, பொங்கல்

கணவர் சுகுமாறன் விடுப்பு எடுத்திருந்தார். மூவாரில் நாற்காலித் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். பேசுவதற்குக் கூலி கேட்கிற மனிதர். ஆரம்பத்திலிருந்தே அவருக்கு எல்லாம் தெரியும். "போறதுன்னா போ" என்பதைத் தவிர ஒன்றும் சொன்னதில்லை. எனக்கே கொஞ்சம் கோபம்தான். ஒரு தடவையாவது 'போகாதே' என்று சொல்ல வேண்டாமா?

இன்று பொங்கல் பானையைக் கழுவிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் கேட்டார்:

"நாலு வருஷம்னா... நடுவுல வர விடுவாங்களா?"

"வருஷத்துக்கு ஒரு தடவ வரலாம்ங்க."

"ம்."

அந்தப் பானையை அவர் ரொம்ப நேரம் கழுவினார். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

இப்போது கிடைக்காவிட்டாலும் பயம். கிடைத்தாலும் பயம். என்ன பிழைப்புடி இது, கஸ்தூரி?

28 ஜனவரி

பக்கத்து வீட்டு மிஸஸ் டானிடம் ஒரு கூடை ஆரஞ்சோடு போய், நாளை ஐந்திலிருந்து ஆறுவரை பட்டாசு வேண்டாமே என்று கெஞ்சினேன். "போலே, போலே, நோ புரோப்ளம்" என்று என் ஆரஞ்சை வாங்கிக்கொண்டு தன் ஆரஞ்சு இரண்டைத் திருப்பிக் கொடுத்தார். நல்ல மனுஷி. போன மாதம் அவருடைய நாய் என் செருப்பைக் கடித்ததை மன்னித்தேன்.

29 ஜனவரி, புதன்

முடிந்தது. எல்லாமே முடிந்தது என்று நினைக்கிறேன்.

மிஸஸ் டான் வாக்கைக் காப்பாற்றினார். பின்தெருக்காரரிடம் நான் கேட்கவில்லையே! ஐந்து இருபதுக்குச் சரம் ஆரம்பித்தது. திரையில் மூன்று பேர். நடுவிலிருந்த தாடிக்காரர் நிஜமாகவே குனிந்துவிட்டார். "துப்பாக்கிச் சண்டை இல்லை சார், புத்தாண்டு" என்று கத்தினேன். அந்தச் சத்தத்தில் தயாரித்து வைத்ததெல்லாம் மறந்துபோய், வாய் தானாகப் பேச ஆரம்பித்தது.

கானோடெர்மாவைப் பற்றிச் சொல்லும்போது, "இது எங்கள் ஊர்க் குடும்பங்கள் மாதிரி. வெளியே தெரிய வரும்போது உள்ளே எல்லாம் முடிந்திருக்கும்" என்றேன். ஆங்கிலத்தில்! ஒரு பன்னாட்டு நேர்காணலில்! தாடிக்காரர் சிரித்தார். இளைஞர் சிரித்தார். ஓரத்திலிருந்த ஒல்லிப் பேராசிரியை சிரிக்கவில்லை. எதையோ எழுதினார். அவர்தான் அந்தத் திட்டத்துக்கே தலைவி.

அவர் கேட்டது ஒரே கேள்வி. ஏன் இப்போது, இந்த வயதில்?

அதற்கும் அழகான பதில் ஒன்று வைத்திருந்தேன். வரவில்லை. வந்தது இதுதான்: பக்கத்துப் பக்கத்து மரம். ஒரே மண், ஒரே மழை, ஒரே உரம். ஒன்று சாகிறது, ஒன்று சாகவில்லை. இருபது வருடமாகப் பார்க்கிறேன். ஏனென்று தெரியாமல் ஓய்வு பெற எனக்கு மனமில்லை.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். நல்லவேளை, அடுத்த சரம் வெடித்தது.

31 ஜனவரி

உளறிட்டேன். உளறிட்டேன். குடும்பம், பூஞ்சை... எவளாவது அப்படிப் பேசுவாளா? அந்த இருபத்து நாலு வயசுக்காரி பேசியிருப்பாளா?

7 பிப்ரவரி, வெள்ளி

இன்று சொல்லிவிட்டேன்.

கோயில் சமையற்கட்டில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். தைப்பூசத்துக்கு என் மகள் பெயரில் தனியாகப் பால்குடம் எடுப்பதாக வெள்ளையம்மா அக்கா அறிவித்தார். அறுபத்தெட்டு வயது, சர்க்கரை நோய், வெறுங்கால். அதற்குமேல் என் நாக்கு பொறுக்கவில்லை.

"அக்கா, அது லோஷினி இல்லக்கா. நான்தான்."

"என்னாது நீதான்?"

"ஜெர்மனிக்கு எழுதிப் போட்டது. நேர்காணலும் முடிஞ்சிருச்சுக்கா."

கத்தி நின்றது. எல்லாக் கத்தியும் நின்றது.

"அப்ப இத்தன வெள்ளிக்கெழம நான் ரோகிணிக்குப் போட்டதெல்லாம்?"

"வீணாகலக்கா. அவ கேக்கு நல்லா உப்பி வருது."

இளிக்காமல் இருந்திருக்கலாம். அக்காவின் முகம் சிவந்தது. "என்னை மடச்சியாக்கிட்டேல்ல? ஒரு வார்த்த சொல்லிருந்தா சரியான நட்சத்திரத்துக்குப் போட்டிருப்பேன்ல? நேர்காணலே முடிஞ்சிருச்சாம்! இப்ப வந்து சொல்றா!"

பொய் சொன்னதற்கு இல்லை, நட்சத்திரம் மாறியதற்குத்தான் கோபம். எனக்கு அழுகை வந்துவிட்டது. பயற்றங்காய்க்கு எவளும் அழமாட்டாள், சாக்கும் சொல்ல முடியவில்லை.

பின்னாலிருந்து கிருஷ்ணகுமாரி, வாயை மூடத் தெரியாதவள், "இந்த வயசிலயா படிப்பு?" என்றாள்.

அக்கா அவள் பக்கம் திரும்பினார். "ஏன், அம்பத்தஞ்சுல நீ புதுப் பல்லு கட்டிக்கல? அதை வச்சுத்தானே இப்ப கேக்குற?"

அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு நேராகச் சந்நிதிக்குப் போனார். சமையற்கட்டு வரை கேட்டது அவர் குரல்: "குருக்களே, பேரை மாத்துங்க! கஸ்தூரி. கேட்டை!"

11 பிப்ரவரி, தைப்பூசம்

அக்கா பால்குடம் எடுத்தார். கூடவே நடந்தேன், நானும் வெறுங்காலோடு. என்னை முந்திக்கொண்டே நடந்தார். பாதி வழியில் தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் நீட்டினார்.

26 பிப்ரவரி

ஒன்றும் வரவில்லை.

4 மார்ச்

இன்றும் இல்லை. எடைமேடைக் கவுண்டருக்கு என் பெயரில் நாற்காலி வந்து இறங்கியிருக்கிறது. சுழலும் நாற்காலி. உட்கார்ந்து பார்க்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன்.

12 மார்ச், புதன்

கிடைத்துவிட்டது.

மதியம் மூன்று மணிக்கு, ஆய்வுக்கூடத்தில், கையுறையைக்கூடக் கழற்றாமல் படித்தேன். அக்டோபரில் சேர வேண்டும். கணவரின் தொழிற்சாலைக்குப் போன் செய்தேன்.

"கிடைச்சிருச்சுங்க!"

"எது, மோட்டார் சாவியா?" காலையில் என் மோட்டார் சைக்கிள் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"ஜெர்மனிங்க!"

மறுமுனையில் யாரிடமோ ரம்பத்தை நிறுத்தச் சொன்னார். அப்புறம், "இரு, சீக்கிரம் வரேன்" என்றார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் சீக்கிரம் வந்தது இன்றுதான்.

டாக்டர் ஏரம்பமூர்த்தி கையைப் பிடித்துக் குலுக்கி, "நான் அப்பவே சொன்னனான்" என்றார். சரி, இருக்கட்டும்.

3 ஏப்ரல், வியாழன்

குழுவில் வெள்ளையம்மா அக்கா தினம் ஏதாவது போடுகிறார். "அறுநூறு பேரைத் தோற்கடித்த நம் கஸ்தூரி!" சித்திரைப் புத்தாண்டன்று கோயிலில் பொன்னாடையாம். வழுக்கைத் தலைதான் போர்த்துகிறான். கமிட்டித் தீர்மானம்.

இன்று ஒல்லிப் பேராசிரியையோடு முதல் தடவையாகத் தனியாகப் பேசினேன். இவர்தான் இனி என் வழிகாட்டி. சிரிக்கத் தெரிந்தவர்தான், நேர்காணலன்று பல்வலியாம். குளிர்கால உடுப்பு, வீடு, அரிசி கிடைக்கும் கடை என்று எல்லாம் பேசி முடித்தபின், தைரியம் வந்து கேட்டேன். அத்தனை பேரில் என்னை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?

அந்தக் கூட்டமெல்லாம் புற்றுநோய்த் திட்டத்துக்கும் மூளைத் திட்டத்துக்கும் வந்ததாம். நம் பூஞ்சைக்கு மூன்று வருடமாக ஆள் கேட்டு விளம்பரம் போடுகிறார்களாம். முதல் இரண்டு வருடம் யாரும் வரவில்லை. இந்த வருடம் வந்த விண்ணப்பம் ஒன்று.